சுவடிப் பெட்டியும் படப் பெட்டியும்

ஓலைச்சுவடி அழியும் இயல்புடையது. செல்லரிப்பதற்குள் அதைப் பார்த்து வேறொரு சுவடி எழுதி வைத்தவர்களால்தான் பழந்தமிழ் நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் பல ஊர்களிலிருந்து படிகளைத் திரட்டி ஒப்பு நோக்கினார். படிகள் பல இருந்ததால் நூல் பிழைத்தது.

திரைப்படத்திற்கும் இவ்விதியே பொருந்தும். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. இன்று அதன் படச்சுருள் கிடைக்கவில்லை. அக்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. 2003-இல் புனே நகரில் நேர்ந்த தீவிபத்தில் பல நூறு பழம்படங்களின் சுருள்கள் எரிந்து போயின. பின்னர் வந்த அசெட்டேட் சுருளோ வெப்பத்திலும் ஈரத்திலும் காடி நாற்றம் வீசிச் சுருங்கிக் கெடும்.

சிங்கப்பூருக்கும் இதில் பங்குண்டு. தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கே சென்றால் பாலஸ்டியர் சாலை பிரியும். அங்கே ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையம் 1967 வரை இயங்கியது. சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் முதலிய இந்திய இயக்குநர்கள் அங்கே மலாய்ப் படங்களை உருவாக்கினர். போட்டி நிறுவனமான கேத்தே-கெரிஸின் படங்களில் எஞ்சிய 91, 2005-இல் தோன்றிய ஆசியத் திரைப்படக் காப்பகத்தின் பொறுப்பில் வந்தன. 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன.

நிறுவனங்கள் செய்த இப்பணி நாளடைவில் இல்லங்களுக்கும் வந்தது. 1976-இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். நாடா, திரையரங்கை வீட்டுக்குள் கொணர்ந்தது. 1990-களில் வி.சி.டி. வந்தது. ஒரு வட்டில் 74 நிமிடமே அடங்கும். ஆகவே நம் நீண்ட தமிழ்ப் படங்கள் இரண்டு மூன்று வட்டுகளாயின. அடுத்து வந்தது டி.வி.டி. ஒவ்வொன்றும் முந்தியதை ஒதுக்கிற்று. 2016-இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் நாடாக் கருவி செய்வதை நிறுத்தவே, அலமாரியிலுள்ள நாடா ஊமையாகும் நிலை வந்தது.

இந்த இக்கட்டுக்கு விடையாக வந்ததே வீட்டுத் திரையரங்குக் கணினி. தேக்காவுக்கு அண்மையில், ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் 1987-இல் திறந்த சிம் லிம் சதுக்கம், கணினி உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி இணைப்போருக்குப் பல ஆண்டுகள் சந்தையாக விளங்கியது. வட்டிலுள்ள படத்தைக் கோப்பாக்கி வன்தட்டில் சேர்த்து, ஓசையற்ற ஒரு சிறு கணினியைத் தொலைக்காட்சியோடு பிணைப்பதே இதன் அமைப்பு. 4.7 ஜிகாபைட் கொண்ட டி.வி.டி.கள் 850 அளவில் நான்கு டெராபைட் தட்டொன்றில் அடங்கும். ஓர் அலமாரி உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. எனினும், சொந்தமாக வாங்கிய வட்டைப் படியெடுப்பதற்கும் பதிப்புரிமைச் சட்டம் வரம்பு கட்டுகிறது என்பதை மறத்தலாகாது.

வேறோர் ஆபத்தும் உண்டு. அலமாரி சரிந்தால் சில வட்டுகள் உடையும். தட்டு பழுதானால் 850 படங்களும் ஒருங்கே மறையும். இரு தட்டுகளில் ஒரே வேளையில் பதியும் ஏற்பாடும் முழுக் காப்பன்று. தவறி ஒன்றில் அழித்தது மற்றதிலும் அழியும். மூன்று படிகள் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறு வீட்டில் வைப்பதே அறிவுடைமை.

புகழ்பெற்ற படத்திற்கு உலகில் எங்கேனும் மற்றொரு படி இருக்கும். பாட்டனார் பேசிய வீடியோ நாடாவுக்கும், சிராங்கூன் சாலைக் கோயிலில் நடந்த திருமண நாடாவுக்கும் அத்தகைய துணை இல்லை. வீட்டுக் கணினியில் முதலில் ஏற வேண்டியவை அவையே.