சின்னதும் பெரியதும்: சாந்தோஸ் துமோனும் செப்பெலினும்

1898 செப்டம்பர் 20. பாரிஸ் நகரின் மேற்கே பகத்தேல் புல்வெளியில் பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுருட்டு வடிவப் பட்டுப் பை ஒன்று நடுவில் மடிந்து சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே தொங்கிய கூடையிலிருந்து ஒருவர் கத்தினார்: கயிற்றைப் பிடியுங்கள், காற்றுக்கு எதிரே ஓடுங்கள்! பட்டம் விடுகிற பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு? பிடித்துக்கொண்டு ஓடினார்கள். விழும் வேகம் குறைந்தது. பிரேசில் காபித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையான அல்பெர்த்தோ சாந்தோஸ் துமோன் தம் முதல் ஆகாயக் கப்பலிலிருந்து உயிரோடு தரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது 25.

பை ஏன் மடிந்தது? மேலே ஏறும்போது ஹைட்ரஜன் விரியும். மிஞ்சியது வால்வு வழியே வெளியேறிவிடும். இறங்கும்போது மிச்சமுள்ள வாயு சுருங்கும், பை தொளதொளத்துப் போகும். அந்தக் குறையை நிரப்பத்தான் உள்ளே ஒரு சின்னக் காற்றுப் பையும் அதை ஊத ஒரு பம்பும் வைத்திருந்தார். பம்புக்குத் தெம்பு போதவில்லை. உருண்டை பலூனுக்கு இது பெரிய விஷயமில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டிய நீளப் பைக்கோ விறைப்புதான் உயிர்.

இதே கோளாறுக்கு ஜெர்மனியின் தெற்கு எல்லையில், கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையில், இன்னொருவர் வேறொரு விடை வைத்திருந்தார். ஃபெர்டினாண்ட் ஃபான் செப்பெலின் பிரபு, குதிரைப்படையில் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1898இல் அவருக்கு அறுபது வயது. வடிவத்தைக் காக்கும் வேலையை வாயுவிடம் விடவே கூடாது என்பது அவர் கட்சி. அலுமினியத்தில் சட்டகம் கட்டு, மேலே துணியைப் போர்த்து, உள்ளே வாயுவைத் தனித்தனிப் பைகளில் அடை. ஒரு பை கிழிந்தாலும் மற்றவை தாங்கும், கப்பல் மடியாது.

விடை சரிதான். ஆனால் சட்டகத்துக்கு எடை உண்டு. அந்த எடையையும் தூக்கி ஆட்களையும் தூக்கவேண்டுமானால் கப்பல் பிரம்மாண்டமாக இருந்தாக வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் போர்த்தும் துணி நாலு மடங்காகும், உள்ளே அடையும் வாயு எட்டு மடங்காகும். பெருக்கப் பெருக்க லாபம். செப்பெலினின் பிடிவாதத்துக்குக் கிறுக்கு என்று பெயர் வைத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

எண்களைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் அறைகிறது. சாந்தோஸ் துமோனின் முதல் கப்பல் 25 மீட்டர் நீளம், 180 கன மீட்டர் வாயு, மூன்றரை குதிரைசக்தி. செப்பெலினின் முதல் கப்பல், எல்.இசட்.1, 128 மீட்டர் நீளம், 11,300 கன மீட்டர் வாயு, தலா 14 குதிரைசக்தி கொண்ட இரண்டு டைம்லர் எஞ்சின்கள். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.1 கிலோவைத் தூக்கும் என்று வைத்துக்கொண்டால் முன்னது தூக்குவது 200 கிலோ, பின்னது 12 டன். ஆனால் ஒரு குதிரைசக்திக்கு எத்தனை கன மீட்டர் என்று வகுத்துப் பாருங்கள்: பாரிஸ் கப்பலில் 51, ஏரிக்கரைக் கப்பலில் 400. உடம்புக்கு ஏற்ற எஞ்சின் இல்லாத ராட்சதன் அது.

எஞ்சின்தான் இருவரையும் முந்தையவர்களிடமிருந்து பிரிக்கிறது. 1852இல் ஹென்றி கிஃபார் நீராவி எஞ்சினோடு பாரிஸிலிருந்து 27 கிலோமீட்டர் பறந்தார். மூன்று குதிரைசக்திக்கு எஞ்சினும் கொதிகலனும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேல். 1884இல் ரெனார், கிரெப்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள் 'லா பிரான்ஸ்' என்ற கப்பலை 23 நிமிடத்தில் எட்டு கிலோமீட்டர் ஓட்டிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார்கள். அதன் மின்மோட்டாருக்கு வேண்டிய பேட்டரி மட்டும் 400 கிலோவைத் தாண்டியது. பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகுதான் வழி பிறந்தது. சாந்தோஸ் துமோன் மூன்று சக்கர மோட்டார் வண்டிகளின் எஞ்சினை எடுத்து, இரண்டு சிலிண்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். எடை 30 கிலோ. வானத்தில் அது எப்படி அதிரும்? வண்டியைக் கயிறு கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். அதிர்வு பயந்த அளவுக்கு இல்லை. ஆராய்ச்சிக்கூடம், அறிக்கை, குழு எதுவும் இல்லை. ஒரு மரக்கிளை போதுமாக இருந்தது. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப் போவது இந்த இடத்தில்தான்.

செப்பெலினுக்கு மரக்கிளை போதாது. எட்டு லட்சம் மார்க் முதலில் ஒரு கம்பெனி, அதில் ஏறக்குறையப் பாதி அவர் கைப்பணம். கொட்டகையைத் தரையில் கட்டாமல் ஏரியில் மிதக்கவிட்டார். காரணம் உண்டு: பக்கவாட்டுக் காற்றில் இத்தனை நீளக் கப்பலை வெளியே இழுத்தால் வாசலிலேயே மோதி நொறுங்கும், மிதக்கும் கொட்டகை காற்றின் திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும். 1900 ஜூலை 2 மாலை எல்.இசட்.1 எழுந்தது. பதினெட்டு நிமிடம். முன்னும் பின்னும் நகர்த்தி மூக்கைத் தாழ்த்தவும் தூக்கவும் வைத்திருந்த எடையின் பொறி கெட்டுப்போக, ஏரியில் இறங்கினார்கள். எடையை நகர்த்தி மூக்கை ஏற்றி இறக்கும் இதே உத்தியைச் சாந்தோஸ் துமோனும் மணல் மூட்டையும் கயிறுமாக வைத்துச் செய்துகொண்டிருந்தார் என்பது வேடிக்கை. எல்.இசட்.1 மொத்தம் மூன்று தடவைதான் பறந்தது. பணம் தீர்ந்தது, கப்பலைப் பிரித்து விற்றார்கள். அடுத்தது பறக்க 1906 ஜனவரி ஆயிற்று. அதுவும் ஒரே பயணத்தில், இறங்கிய இடத்திலேயே காற்றில் நொறுங்கியது.

அந்த இடைவெளியில் பாரிஸ்காரர் என்ன செய்தார்? விழுந்தார், எழுந்தார், அடுத்த எண் கப்பலைக் கட்டினார். சான்-குளூவிலிருந்து புறப்பட்டு ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றி அரை மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு ஒரு லட்சம் பிராங்க் என்று எண்ணெய் வியாபாரி டாய்ச் த லா மெர்த் அறிவித்திருந்தார். 1901 ஆகஸ்ட் 8 அன்று ஐந்தாம் எண் கப்பல் கோபுரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புகையில் வாயு கசிந்தது. பை தளர, தொங்கு கம்பிகள் சுழலி விசிறிப் பக்கம் சரிந்தன. எஞ்சினை நிறுத்தினார். கப்பல் டிரோக்கதேரோ பகுதியில் ஒரு ஹோட்டல் கூரையில் மோதிப் பை வெடித்தது. கூடையோடு சுவரோரம் தொங்கிய மனிதரைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு விட்டு மேலே தூக்கினார்கள். அன்று மாலையே ஆறாம் எண்ணுக்கு உத்தரவு கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் அது தயார். அக்டோபர் 19 அன்று பந்தயத்தை முடித்தார். கோட்டைக் கடந்தபோது அரை மணி ஆகவில்லை, கயிறு தரையாட்கள் கையில் சிக்கியபோது அரை மணி தாண்டிவிட்டது என்று நடுவர்கள் இழுபறி செய்தார்கள். கடைசியில் பரிசு கிடைத்தது. அதைப் பாரிஸ் ஏழைகளுக்கும் தம் தொழிலாளர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

சின்னதாகக் கட்டியவருக்கு விபத்து ஒரு செலவு. பெரியதாகக் கட்டியவருக்கு அது திவால். கற்கிற வேகத்தில் பாரிஸ் பலமடங்கு முன்னே. ஆனால் கற்றது எங்கே கொண்டுபோய் விட்டது? 1903இல் கட்டிய ஒன்பதாம் எண் அவர் கைவண்ணத்தின் உச்சம். ஷான்செலிசே வீதியில் தம் வீட்டு வாசலில் அதை இறக்கிவிட்டு, உள்ளே போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்து ஏறிப் போனார். அதே கப்பலில் ஐடா த அகோஸ்டா என்ற இளம்பெண்ணையும் தனியே ஓட்டவிட்டார். எஞ்சின் பூட்டிய கப்பலை வானில் ஓட்டிய முதல் பெண் அவர். அழகுதான். ஒருவர் ஏறலாம், காற்று ஓய்ந்த நாளில் போகலாம். அதற்கு மேல் அந்த அளவில் இடமில்லை. எட்டு மடங்குக் கணக்கு இந்தப் பக்கம் நின்று முறைத்தது.

நோக்கமும் வேறு என்பார்கள்: சாந்தோஸ் துமோன் விளையாட்டுக்கு, செப்பெலின் யுத்தத்துக்கு. முழுக்கச் சரியில்லை. செப்பெலின் 1887லேயே வூர்ட்டம்பெர்க் மன்னருக்கு ராணுவக் கப்பலின் தேவையை எழுதிக் கொடுத்தவர்தான். பிரெஞ்சுக்காரர்களின் 'லா பிரான்ஸ்' அவரை உறுத்தியது. ஆனால் சாந்தோஸ் துமோனும் 1903இல் தம் கப்பல்களைப் பிரெஞ்சு யுத்த அமைச்சகத்துக்குத் தர முன்வந்தார், அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. உண்மையான வித்தியாசம் பணம் யாருடையது என்பதில் இருந்தது.

1908 ஆகஸ்டில் எல்.இசட்.4 இருபத்து நாலு மணி நேரப் பயணத்துக்குக் கிளம்பியது. அதில் தேறினால்தான் அரசு வாங்கும். எஞ்சின் கோளாறால் ஷ்டுட்கார்ட் அருகே எக்டர்டிங்கனில் இறங்கிய கப்பலைத் திடீர்க் காற்று பிடுங்கிக்கொண்டு போய் மரத்தில் அடித்தது, தீப்பிடித்துக் கூடாகிவிட்டது. எழுபது வயது மனிதரின் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஜெர்மன் மக்கள் ஆறு மில்லியன் மார்க்குக்கு மேல் அனுப்பிவைத்தார்கள். நொறுங்கியதால் தொழிற்சாலை பிறந்தது. மறுவருடம் 'டெலாக்' என்ற பயணிகள் கம்பெனி. 1914 வரை அதன் கப்பல்களில் 34,000 பேர் பறந்தார்கள், பயணி ஒருவருக்கும் காயமில்லை. கூடவே ஒரு கட்டுப்பாடும் வந்தது: நாட்டின் பணத்தில் நடப்பதை நினைத்தபோது நிறுத்த முடியாது.

சாந்தோஸ் துமோனால் முடிந்தது. 1906 அக்டோபர் 9 அன்று எல்.இசட்.3 கான்ஸ்டன்ஸ் ஏரியில் முதன்முதலாக ஒழுங்காகப் பறந்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 23 அன்று, பகத்தேலில் சாந்தோஸ் துமோனின் '14-பிஸ்' விமானம் தரையை விட்டு எழுந்து 60 மீட்டர் தூரம் பறந்தது. அதில் வாயுப் பை கிடையாது. பெரியவர் ஜெயிக்கத் தொடங்கிய மாதத்திலேயே சின்னவர் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவரும் ஒரு நாள் அதே பக்கம் திரும்பினார். போர் மூண்ட பிறகு ராட்சத விமானங்கள் மீது நாட்டம் கொண்டார். அவர் முன்னின்று தொடங்கிய முயற்சியில் கோத்தாவில் கட்டிய முதல் ராட்சத விமானம் 1915 ஏப்ரலில் பறந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அவர் பெயர் தாங்கிய கப்பல்கள் பாரிஸ் மீது குண்டு போட்டிருந்தன. ஏரிக்கரையில் கப்பல் கட்டுவது நிற்கவில்லை. அங்கே அவர் சொல் முன்போல எடுபடவும் இல்லை. 1917 மார்ச்சில் அவர் இறந்தபோது தொழிற்சாலையில் அடுத்த கப்பலின் வேலை நடந்துகொண்டிருந்தது.