மற்றொரு வரி

குஜிலியம்பாறை வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் மேனிலை வகுப்பு பயின்ற பிள்ளைகளின் கைகளுக்கு மடிக்கணினி வந்து சேர்ந்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. முடுக்கியதும் திரையில் ஒரு வரி விண்டோஸ் என்றது. மற்றொரு வரி பாஸ் லினக்ஸ் என்றது. நாங்கள் அறிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அம்மற்றொரு வரியைத் தொட்டதேயில்லை. அதன் பின்னால் நிற்கும் வரலாற்றை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே எங்கள் வருத்தம்.

இயங்குதளம் என்பது குளத்து நீரை வயலுக்கு வயல் முறைவைத்துப் பங்கிடும் மடைக்காரரைப் போன்றது. நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் நிரல்களுக்குப் பகிர்ந்தளிப்பது அதன் வேலை. அதன் உள்ளமைப்பை மாணவர்கள் படித்தறிய வேண்டுமென்று ஆண்ட்ரூ தனன்பாம் என்னும் பேராசிரியர் 1987இல் மினிக்ஸை உருவாக்கி, அதன் மூலநிரலைப் பாடநூலோடு தந்தார். ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த மினிக்ஸில் பழகிய கையோடு 1991இல் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார்.

1992 சனவரியில் இருவருக்குமிடையே வாதம் மூண்டது. லினக்ஸின் அமைப்பு கூட்டுக்குடும்ப வீடு. கோப்பு, நினைவகம், கருவிகள் யாவும் ஒரே கூரையின் கீழ். வேலை விரைவாய் நடக்கும். அடுப்படியில் தீப்பிடித்தாலோ வீடே எரியும். மினிக்ஸ் ஒரே முற்றத்தைச் சுற்றிய தனித்தனி வீடுகள். தீ பரவாது, ஆனால் உப்புக்கும் புளிக்கும் வாசல் கடந்து போகவேண்டும். லினக்ஸின் வடிவம் பழமையானது என்றார் ஆசிரியர். மாணவர் விடவில்லை. உலகம் மாணவரின் பக்கம் சாய்ந்தது.

லினக்ஸ் கருவைக் கொண்டு 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் வளர்ந்தது. அதை அடிப்படையாக வைத்துச் சென்னையின் சி-டாக் மையம் இந்திய மொழிகளுக்கு இடமளித்து உருவாக்கியதே பாஸ். அதன் முதற்பதிப்பு 2007இல் வந்தது. ஆக, ஹெல்சிங்கி மாணவர் ஒருவரின் கைவேலை இருபதாண்டுகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மடிக்கு வந்துவிட்டது. அதன் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், கெடுத்து மீண்டும் கட்டலாம். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வரலாறு இங்கே முடியவில்லை. இன்று கோடிக்கணக்கான கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு பேசிகளுக்குள் இயங்குவதும் லினக்ஸ் கருவே. வாதத்தில் பின்தங்கியதாக எண்ணப்பட்ட மினிக்ஸோ, இண்டெல் நிறுவனத்தின் சில்லுகளுக்குள் மறைவாக இயங்குவது 2017இல் பரவலாகத் தெரியவந்தது. திறந்து பார்ப்பதற்கென்று எழுதப்பட்ட இரண்டும், சொந்தக்காரர் எளிதில் திறக்கவியலாத பெட்டிகளுக்குள் இருக்கின்றன.

அம்மடிக்கணினிகளுள் சில இன்னும் பரண்களில் கிடக்கக்கூடும். தூசு தட்டி முடுக்கினால் ஒருவேளை அந்த மற்றொரு வரி தோன்றலாம். இம்முறை அதையே தேர்ந்து பாருங்கள் என்பதே பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது. கெட்டுப்போனால் போகட்டும்; கெடுத்துப் பார்த்தவர்களே இதுவரை எதையேனும் கட்டியிருக்கிறார்கள்.