அபின் விளக்கு அணைந்த பிறகு

கங்கைக் கரையில் காஜிப்பூரிலும் பாட்னாவிலும் சர்க்கார் ஆலைகளில் உருண்டை பிடித்து, மரப்பெட்டிகளில் அடுக்கி, கல்கத்தாவில் ஏலம் கூறப்பட்ட அபின், கப்பலேறிச் சென்ற துறைகளுள் ஹாங்காங் முக்கியமானது. 1842-ல் அத்தீவைப் பெற்ற ஆங்கிலேயர், நம் ஊரில் சாராயக்கடையை ஏலம் விட்டது போலவே, அபினைக் காய்ச்சி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டனர். 1914-ல் குத்தகைதாரரை விலக்கி, சர்க்காரே அவ்வியாபாரத்தை ஏற்றது. பிரஜைகளின் பழக்கத்தைக் கண்டித்துக்கொண்டே அதன் வருமானத்தால் பொக்கிஷத்தை நிரப்புவது எல்லாச் சர்க்காருக்கும் கைவந்த வித்தை போலும்.

யுத்தத்தில் தீவைப் பிடித்திருந்த ஜப்பானியர் அகன்ற 1945-ல் அபின் புகைப்பது அடியோடு தடை செய்யப்பட்டது. நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை. சரக்கின் சுபாவத்தைத்தான் எவரும் யோசிக்கவில்லை. அபின் புகைக்க விளக்கு வேண்டும், நீண்ட குழல் வேண்டும், சாய்ந்து படுக்க மஞ்சமும் சாவகாசமும் வேண்டும். இவ்வளவும் வாய்த்தாலும், தெருவரை பரவும் அதன் வாசனையே போலீஸாரை வாசலுக்கு அழைத்து வந்துவிடும். அபினிலிருந்தே தயாராகும் ஹெராயினுக்கோ ஒரு சிட்டிகைப் பொடியும், அதை வைத்துச் சூடாக்க ஓர் ஈயத்தாளும், மறைவான ஒரு மூலையும் போதும். 1949-ஐ ஒட்டி ஷாங்காயிலிருந்து வந்து குடியேறியவருள் அதைத் தயாரிக்கும் ரசாயன வித்தை அறிந்தோரும் இருந்தமையால், அறுபதுகளில் ஹெராயினே சந்தையை ஆண்டது. நெளிந்தெழும் புகையைக் குழாயால் தொடர்ந்து உறிஞ்சுவதற்கு ‘டிராகனை விரட்டுதல்’ என்று பெயரிட்டவர்களுள் பலர், நாளடைவில் ஊசிக்கும் போயினர். 1959-ல் அபினைத் தடுத்த தாய்லாந்திலும், 1971-ல் தடுத்த லாவோஸிலும் இதே கதை நிகழ்ந்ததை, வெஸ்டர்மேயர் என்ற அமெரிக்க மனோவைத்தியர் 1976-ல் எடுத்துக்காட்டினார்.

ஹாங்காங் சர்க்கார் 1972-ல் பரீட்சையாகவும், 1976 முதல் விரிவாகவும், ஹெராயினுக்கு மாற்றாக மெதடோன் என்னும் மருந்தை வழங்கத் தொடங்கிற்று. பழக்கத்தை முற்றும் விட்டொழித்தால்தான் சிகிச்சை என்று வற்புறுத்தாமல், தினந்தோறும் வந்து, சிப்பந்தியின் கண்ணெதிரே மருந்தைக் குடித்துவிட்டு, அவரவர் வேலைக்குப் போகும்படி விட்டதே அதன் விசேஷம். ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு; நியாயமான கேள்விதான். ஆனால் எய்ட்ஸ் பரவி, பல தேசங்களில் ஊசி பகிர்ந்தோரை வாரிச் சென்ற காலத்தில், ஹாங்காங்கில் அத்தகையோரிடையே அந்நோய் சொற்பமாகவே இருந்ததற்கு, இம்மருந்து நிலையங்கள் பெருங் காரணம் என்பதை மறுப்பது கடினம்.

அந்த நிலையங்களில் ஒரு வேளை மருந்துக்கு நெடுங்காலம் வாங்கிய கட்டணம், ஒரே ஒரு ஹாங்காங் டாலர்.