காபன் வில்லும் வேடனின் இலையும்

போன கிழமை இரவு பதினொன்றரை மணி. கடைசி மேசையும் எழும்பிப் போய், குசினி கழுவி முடித்து, குப்பைப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். கிறில்லில் நிற்கிற எங்கள் கியூபெக்காரர் என்னைக் கீழே, உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கி வைக்கிற நிலவறைக்குக் கூப்பிட்டார். நீளமான ஒரு பையைத் திறந்து மூன்று துண்டுகளை எடுத்துப் பூட்டினார். ஒரு வில்! கறுப்பு நிறம், காபன். தூக்கிப் பார்த்தால் ஒரு சட்டியின் பாரம்கூட இல்லை.

அவர் ஜொலியெற் ஊர்க்காரர். 1976இல் மொன்றியல் ஒலிம்பிக் நடந்தபோது வில்வித்தைப் போட்டியை மொன்றியலில் வைக்காமல் ஜொலியெற்றில்தான் வைத்தார்கள். அமெரிக்காவின் டரல் பேஸ் தங்கம் வென்றதைச் சின்னப் பெடியனாக வேலிக்கு வெளியே நின்று பார்த்தவராம். அன்று பிடித்த பைத்தியம். ஒவ்வொரு இலையுதிர் காலமும் லீவு எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் கிறில்லும் என் தலையில்தான்.

"என்ர கூட்டாளிகள் இது மரபு வில் இல்லையெண்டு சிரிக்கிறாங்கள். மரத்தால செய்தால்தான் மரபாம். நீ சரித்திரம் படிச்சவன்தானே, சொல்லு பாப்பம்" என்றார், அவருடைய பிரெஞ்சும் என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சும் கலந்து. நான் படித்தது வந்தாறுமூலையில் இரண்டு வருடம். மிச்சம் கோப்பை கழுவிக்கொண்டு படித்தது. ஆனாலும் கேட்டுவிட்டார். யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கதை எங்கள் ஊர்ப் பக்கமே போய் முடிந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வில்லைப் பற்றி. வில் என்பது கையின் பலத்தைக் கொஞ்ச நேரம் சேமித்து வைத்துவிட்டு ஒரேயடியாக விடுகிற ஒரு பொருள். சேமித்த பலம் முழுவதும் அம்புக்குப் போகாது. வில்லின் கைகளும் முன்னால் பாய வேண்டும், அதற்கும் ஒரு பங்கு போகும். கைகள் பாரம் குறைய அந்தப் பங்கும் குறையும், அம்புக்குக் கூடக் கிடைக்கும். காபனின் முதல் நன்மை அதுதான்: பாரம் குறைவு, விறைப்பு அதிகம், பக்கவாட்டில் முறுகாது. இரண்டாவது, இந்த நாட்டுக் குளிருக்கும் ஈரத்துக்கும் அது பெரிதாக மாறாது. தனி மரவில் மழையில் ஊறினால் சோரும், கடுங்குளிரில் உடையவும் கூடும்.

நுனிகள் வேட்டைக்காரனுக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருப்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. துருக்கியரும் மங்கோலியரும் உள்பக்கம் கொம்பு, நடுவில் மரம், வெளிப்பக்கம் விலங்கின் தசைநார் என்று அடுக்கி ஒட்டி அப்படித்தான் செய்தார்கள். இன்றைக்குக் கொம்புக்கும் தசைநாருக்கும் பதிலாகக் காபனும் கண்ணாடி நாரும். அடுக்கி ஒட்டுகிற தத்துவம் ஒன்றுதான்.

குறையும் இருக்கிறது. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டால் எந்த வில்லும் பழுதாகும். காபனில் ஆபத்து என்னவென்றால், விளிம்பில் விழுந்த ஒரு சின்னக் கீறல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வெடிப்பாக வளர்ந்து ஒருநாள் முகத்துக்கு நேரே சிதறலாம். ஒவ்வொரு தடவையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வில் வேகமாக இருக்கிறது என்று பாரம் குறைந்த அம்பைப் போட்டால் சத்தம் கூடும், மான் துள்ளிவிடும், அம்பும் ஆழப் போகாது. துவக்குக் குண்டு மாதிரி அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. வெட்டி, இரத்தம் போக வைத்துக் கொல்கிறது. ஆகவே நாற்பத்தைந்து இராத்தல் இழுவையுள்ள வில்லோடு பதினைந்து இருபது மீற்றர் கிட்டப் போய், சவர அலகு மாதிரிக் கூரான முனையை எய்தால் மான் விழும். முனை மொட்டையாக இருந்தால் எந்தக் காபனும் உதவாது. வில்லை விட முனை முக்கியம். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இனி 'மரபு' என்ற சொல்லைப் பார்ப்போம். 1969இல் மிசூரிக்காரர் ஹொலிஸ் வில்பர் அலன் சில்லும் கம்பியும் வைத்த 'கொம்பவுண்ட்' வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். முழுதாக இழுத்த பிறகு கையில் பாரம் பெரும்பகுதி குறைந்துவிடும், ஆறுதலாகக் குறி பார்க்கலாம். அமெரிக்க வேட்டைக்காரர்களில் பெரும்பாலானோர் அதற்கு மாறினார்கள். மாறாதவர்கள் தங்களை மரபுக்காரர் என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்ததோ பிரெட் பேயர் போன்றவர்கள் 1950களில் பரவலாக்கிய, மரத்தோடு கண்ணாடி நார் ஒட்டிய வில். அதுவும் அந்தக் காலத்துப் புதுமைதான்! எங்கள் நண்பரின் கூட்டாளிகள் காபனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுடைய தகப்பன்மார் கண்ணாடி நாரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

இன்னும் பின்னால் போனால் இஷி என்ற மனிதர் நிற்கிறார். கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக மிஞ்சியவர். அவருடைய இனத்தைக் குடியேறிகள் சுட்டுச் சுட்டே முடித்தார்கள். 1911இல் ஓரோவில் என்ற ஊரில் பசியோடு தனியாக வெளியே வந்தார். சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் செய்யவும் வேட்டையாடவும் கற்றுக்கொண்டார். 1916இல் இஷி இறந்தார், 1923இல் போப் வில்வேட்டை பற்றிய தன் நூலை வெளியிட்டார். இன்றைய அமெரிக்க வில்வேட்டைக்காரர்களுக்கு அதுதான் வேதம் மாதிரி. அந்த இஷி அம்பு முனைகளை எதில் செதுக்கினார் தெரியுமா? வெள்ளைக்காரன் எறிந்த போத்தல் கண்ணாடியிலும் செதுக்கினார். நல்ல கூர் வந்தது, எடுத்துக்கொண்டார். அவருக்குத் தன் மரபு கெட்டுவிட்டது என்ற கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் இழந்தது வேறு.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். வில் என்றதும் தமிழனுக்குச் சேரனின் கொடியும் கொல்லிமலை வல்வில் ஓரியும் ஞாபகம் வரும். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். எந்தக் காபன் வில்லும் அப்படிச் செய்யாது! புலவருக்கு அந்தச் சலுகை உண்டு. நான் சொல்ல வந்தது பாட்டில் வந்த வில்லைப் பற்றி இல்லை, பாட்டில் வராத ஒரு வில்லைப் பற்றி.

1660இல் கொட்டியாரத்தில், இன்றைய மூதூர்ப் பக்கம், ஒரு ஆங்கிலேயக் கப்பலின் ஆட்கள் கண்டி அரசனிடம் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் ரொபேட் நொக்ஸ். பத்தொன்பது வருடம் சிறையிருப்பு. 1679இல் காடுவழியாகத் தப்பி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. அதில் வேடரைப் பற்றி ஒரு செய்தி. அம்பு முனை தேவைப்பட்டால் வேடர் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்க விடுவார்களாம். பக்கத்தில் ஒரு இலை, வேண்டிய முனையின் வடிவத்தில் வெட்டியது. கொல்லன் அதே அளவில் இரும்பில் அடித்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். அடித்துக் கொடுக்காவிட்டால் ஒரு இரவு அவனுக்கே அம்பு வரும்.

இதை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால் அதில் எவ்வளவு விஷயம்! வேடர் இரும்பை உருக்கவில்லை. ஆனால் எந்த முனை எப்படி வெட்டும் என்று கொல்லனை விட அவர்களுக்குத் தெரியும். இலையை வெட்டிக் கட்டளை கொடுத்தார்கள், விலையும் கொடுத்தார்கள். வில் தங்கள் காட்டு மரம், நாண் மரப்பட்டை நார், முனை மட்டும் அடுத்தவனின் தொழில்நுட்பம். மழையும் புழுக்கமுமான அந்தக் காட்டில் கொம்பும் பசையும் வைத்து ஒட்டிய வில் கழன்று போயிருக்கும். ஒற்றை மரவில்தான் அங்கே சரி. ஆக, வேடனும் அந்தந்த வேலைக்கு எது நல்லதோ அதை எடுத்தவன்தான். வில்லை விட முனை முக்கியம் என்பது அவனுக்கு நொக்ஸ் பிறக்க முன்னமே தெரியும்.

1911இல் செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார்கள். அதிலே மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையில் தமிழ் பேசுகிற கரையோர வேடரும் வருகிறார்கள். வாகரைப் பக்கம் போனவர்களுக்கு அவர்களைத் தெரியும். சின்ன வயதில் அம்மப்பாவோடு ஒரு சடங்குக்குப் போயிருந்தேன். உருவாடி நின்றவரின் கையில் வில்லும் அம்பும் இருந்தன. வரும் வழியில் அம்மப்பாவிடம் கேட்டேன், "ஏன் அம்மப்பா, அவர் அதால வேட்டைக்குப் போறேல்லையோ?" "இப்ப காடெங்க மனே இருக்கு" என்றார். அவ்வளவுதான் பதில்.

காடு எங்கே போனது? மகாவலித் திட்டம் என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது குடியேற்றம். அது சரியான ஞாபகம்தான். ஆனால் அந்தக் கதையில் எங்களுக்கு முன்னால் இன்னொருவர் நிற்கிறார். மகாவலி அணைகளுக்கு ஆளுக்கொரு நாடு உதவியது. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி. மாதுறு ஓயாவுக்கு? கனடா. நான் வரி கட்டுகிற இந்த நாடு.

1983 நவம்பர் 9ஆம் திகதி மாதுறு ஓயாவைச் சுற்றி ஏறத்தாழ 588 சதுர கிலோமீற்றர் தேசிய பூங்காவாகப் பிரகடனமானது. கறுப்பு யூலை நடந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, ஆர் கவனிப்பார்கள்? பூங்காவுக்குள் வேட்டை குற்றம். தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த வேடக் குடும்பங்களை ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு நெல் விதைக்க அனுப்பினார்கள். தம்பானையின் தலைவர் திசாஹாமி போக மறுத்துவிட்டார். 1998இல் இறக்கும்வரை காட்டு விளிம்பை விட்டு அசையவில்லை. அவருடைய மகன் வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவுக்குப் போய் ஐ.நா. கூட்டத்தில் முறையிட்டார். இன்று தம்பானைக்குப் போகிற உல்லாசப் பயணிகளுக்கு வில்லை வளைத்து எய்து காட்டுகிறார்கள். வில் இருக்கிறது. மரம்கூட மாறவில்லை. கூட்டாளிகளின் கணக்குப்படி அதுதான் சுத்தமான மரபு! ஆனால் அதே வில்லோடு பூங்காவுக்குள் போனால் அவர் கள்ள வேட்டைக்காரர்.

இங்கே கனடாவில் என்ன நடந்தது? நான் வேலைக்கு வருகிற வழியில், றெனே லெவெக் வீதியில், ஹைட்றோ கியூபெக்கின் தலைமைக் கட்டடம் நிற்கிறது. ஜேம்ஸ் குடாவில் அந்த மின்சாரத் திட்டம் தொடங்கியபோது கிறீ, இனுயிற் மக்களைக் கேட்கவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1973 நவம்பர் 15இல் நீதிபதி அல்பேர்ட் மலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரு கிழமையில் மேல்நீதிமன்றம் அந்தத் தடையைத் தூக்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பயத்தில்தான் அரசு பேச வந்தது. 1975 நவம்பர் 11இல் உடன்படிக்கை. 225 மில்லியன் டொலர் நட்டஈடு, அதோடு வேட்டை, மீன்பிடி உரிமைகள் எழுத்தில். எல்லாம் நல்லாய் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆறுகள் மூழ்கின, நீர்த்தேக்க மீன்களில் பாதரசம் ஏறியது. ஆனால் வேட்டைக்காரன் தன் காட்டிலேயே குற்றவாளி ஆகவில்லை. பத்து வருடத்துக்குள் அதே கனடாவின் பணம் இலங்கையில் அணை கட்டியபோது வேடருக்கு அப்படி ஒரு தாள் இருக்கவில்லை.

எங்கள் நண்பரின் கேள்விக்கு நேரடியான பதிலும் கனடாவிலேயே இருக்கிறது. நோவாஸ்கோசியாவில் மிக்மாக் இனத்தைச் சேர்ந்த ஒருவர் துவக்கு வைத்திருந்ததற்குப் பிடிபட்டார். 1752இல் தன் முன்னோர் செய்த ஒப்பந்தம் வழமைபோல வேட்டையாட உரிமை தந்தது என்று வாதாடினார். 'வழமை' என்றால் அந்தக் காலத்து ஈட்டியும் வில்லுமா? 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இல்லை, அந்த உரிமை பழைய ஆயுதத்தோடு உறைந்து போய் நிற்கவில்லை. சைமன் வழக்கு என்று பெயர். மரபு என்பது ஆயுதத்தில் இல்லை, மனிதனுக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள தொடர்பில் இருக்கிறது என்றுதான் நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் ஒருவரைக் கேவலமாகப் பேச 'வேடன்' என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான், சொல்லியும் இருக்கிறேன். நிலத்தைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சுகளில், போட்ட கூட்டங்களில், வாகரை வேடரின் பெயர் எத்தனை தடவை வந்தது? தமிழ் பேசியும் அவர்களை நாங்கள் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. அரசு எடுத்த காட்டைப் பற்றிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் காடு முதலில் யாருடையது என்று யாராவது எங்களைக் கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும்.

நேற்று நண்பரிடம் சொன்னேன். "வில் நல்ல வில். கீறல் விழாமல் பார்த்துக்கொள், பாரமான அம்பைப் போடு, முனையைத் தீட்டு, கிட்டப் போய் அடி. மரபோ இல்லையோ என்று கூட்டாளிகள் கேட்டால், நீ நிற்கிற காடு யாருடைய காடு என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேள்." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இந்தமுறை மான் இறைச்சி கொண்டு வந்தால் உங்கட ஊர் மாதிரிக் கறி வைப்பியோ?" என்றார்.

வைப்பேன் என்றேன். இலை வெட்டி வைக்கத் தேவையில்லை, இறைச்சி வந்தால் போதும்.