மெல்பர்ன் சீனிக் ரயில்வே

சீனிக் ரயில்வே என்பது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், செயின்ட் கில்டா கடற்கரையை ஒட்டிய லூனா பார்க் கேளிக்கைப் பூங்காவில் உள்ள மர ரோலர் கோஸ்டர். பூங்கா திறக்கப்பட்ட 1912 டிசம்பர் 13 அன்றே இதுவும் ஓடத் தொடங்கியது. நெடுங்காலம் மூடப்படாமல் தொடர்ந்து இயங்கிவந்த ரோலர் கோஸ்டர்களுள் உலகிலேயே மிகப் பழையது இதுவே எனக் கருதப்படுகிறது. வண்டியின் நடுவில் நின்றபடி ஒரு பணியாளர் கையால் பிரேக் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது இதன் தனிச்சிறப்பு.

முன்வரலாறு

ரோலர் கோஸ்டரின் மூதாதைகளுள் ஒன்று நிலக்கரி ஏற்றிச் சென்ற ரயில்பாதை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1827இல் மலைச்சுரங்கத்திலிருந்து மாக் சங்க் ஊருக்கு ஒரு பாதை போடப்பட்டது. நிலக்கரி நிரம்பிய பெட்டிகள் எஞ்சின் இல்லாமல், சரிவின் விசையாலேயே கீழே இறங்கின. காலிப் பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்தன. திரும்பக் கீழே வரும்போது அவையும் பெட்டியில் ஏறி வந்தன. பின்னர் சரக்குப் போக்குவரத்து வேறு பாதைக்கு மாறியதும், அதே சரிவில் மக்கள் காசு கொடுத்துப் பயணம் செய்தனர்.

லாமார்கஸ் தாம்சன் என்பவர் 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் இதன் சிறிய வடிவத்தைப் பொழுதுபோக்குக்காகவே அமைத்தார். மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகம், கட்டணம் 5 சென்ட். பிறகு குகைகளையும் வரைந்த காட்சிகளையும் சேர்த்து அவர் உருவாக்கிய வகைக்கு 'சீனிக் ரயில்வே', அதாவது காட்சி ரயில் என்று பெயர் வந்தது. மெல்பர்னில் உள்ளதும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1903இல் கோனி ஐலண்டில் திறக்கப்பட்ட லூனா பார்க்கின் பெயரையே மெல்பர்ன் பூங்காவும் ஏற்றது. வாய் திறந்த பெரிய நிலவு முகம் ஒன்றின் வழியாக மக்கள் உள்ளே நுழைகின்றனர்.

அமைப்பு

மரச்சாரத்தின் மேல் செல்லும் பாதை பூங்காவைச் சுற்றி வருகிறது. உயரத்தில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நகரமும் தெரியும். வண்டியை இயந்திரம் மேட்டுக்கு இழுத்துவிடும். அங்கிருந்து புவியீர்ப்பு விசைதான் அதை ஓட்டுகிறது.

இன்றைய ரோலர் கோஸ்டர்களில் தண்டவாளத்தின் அடியிலும் சக்கரங்கள் உண்டு. பெட்டி மேலே எழும்பாமல் அவை பிடித்துக்கொள்ளும். ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. அதற்கு முந்தைய சீனிக் ரயில்வேயில் அடிச்சக்கரம் கிடையாது. வேகம் மிகுந்தால் மேட்டின் உச்சியில் பெட்டி பாதையை விட்டு எழும்பக்கூடும். ஆகவே எந்த இறக்கத்தில் எவ்வளவு பிரேக் என்று அறிந்த பிரேக்மேன் இதற்கு இன்றியமையாதவர். பயணிகளின் எடை கூடினாலும், காற்று மாறினாலும், தண்டவாளம் நனைந்தாலும் வேகம் மாறும் என்பதால் இந்தக் கணக்கை அனுபவத்தாலேயே கற்க வேண்டும்.

நின்றுபோன ஓட்டங்கள்

பென்சில்வேனியாவின் ரயில்வே பட்டறை நகரமான ஆல்டூனாவில் 1902இல் கட்டப்பட்ட 'லீப் த டிப்ஸ்' இதைவிடப் பழையது. அது 1985இல் நின்றது. 1996இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1999இல்தான் மீண்டும் ஓடியது. இங்கிலாந்தின் மார்கேட்டில் 1920இல் திறக்கப்பட்ட சீனிக் ரயில்வேயிலும் பிரேக்மேன் உண்டு. 2002இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனாலும் 2008இல் அதன் ஒரு பகுதி தீக்கிரையானது. சீரமைத்து 2015இல் மீண்டும் ஓடவிட்டனர். ஒரு கட்டுமானத்தைப் பட்டியலில் சேர்ப்பதாலேயே அது காப்பாற்றப்பட்டுவிடாது என்பதை இவை காட்டுகின்றன.

பாதுகாப்பின் பொருள்

மரம் மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும். ஆணியும் போல்ட்டும் தளரும். எனவே மர ரோலர் கோஸ்டரில் பாதையை நடந்து பார்ப்பதும், பழுதான கட்டைகளைத் துண்டு துண்டாக மாற்றுவதும் ஓயாத வேலை. பல ஆண்டுகளில் முதல் மரங்களுள் பெரும்பகுதி போய்விடலாம். அப்போதும் அதைப் பழையது என்று சொல்ல வைப்பது, மாறாத வடிவமும் இயக்கமுறையும் ஒருவரிடமிருந்து மற்றொருவர் கற்றுவரும் கைப்பழக்கமுமே.

வடசென்னையில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. கல்மண்டபத்துக்கு அருகில் உள்ள இராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அவ்வாண்டு ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இந்தியாவில் எஞ்சியுள்ள ரயில் நிலையக் கட்டடங்களுள் பழமையானதாகச் சொல்லப்படும் அங்கே இன்றும் ரயில்கள் நின்று செல்கின்றன. சுவர் நின்றால் கட்டடம் பிழைத்துவிடும். ரோலர் கோஸ்டருக்கோ அது போதாது. பிரேக் பிடிக்கத் தெரிந்த கடைசி ஆளும் போய்விட்டால், சாரம் முழுதாக நின்றாலும் சீனிக் ரயில்வே இல்லாமற்போகும்.