அம்பாசிடரின் பட்டையும் ஸ்விஃப்டின் சுருளும்

அம்பாசிடரின் பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கினால் எல்லாம் கண்ணெதிரே தெரியும். லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டைக்கட்டுதான் பாரத்தைத் தாங்குகிறது. அச்சைப் பிடித்துவைப்பதும் அதுவே. பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தையும் ஓரளவு அடக்குகின்றன. பின்சக்கரம் ஓட்டும் வண்டி என்பதால் எஞ்சினின் இழுப்பும் அதன்மேல்தான்.

2005-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்விஃப்ட் முன்சக்கரத்தால் ஓடுவது. பின்னால் இருக்கும் சுருள் ஸ்பிரிங் பாரத்தை மட்டும் சுமக்கிறது. சக்கரங்களை இடத்தில் நிறுத்துவது அவற்றை இணைக்கும் டார்ஷன் பீம். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர்.

பட்டை தன் நோயைச் சொல்லிவிடும். தளர்ந்தால் வண்டி ஒருபக்கம் சாயும். பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் முறிந்தால் அச்சு நகர்ந்து கோணலாக ஓடும். உடைந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றலாம். தொய்ந்ததைப் பட்டறையில் அடித்து வளைவேற்றலாம். ஆனால் கட்டின் முதன்மைப் பட்டையான தாய்ப்பட்டை களைத்துப்போயிருந்தால் வளைவேற்றுவது வீண்செலவு என்பேன். சில மாதங்களில் மறுபடி தொய்யும். வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். 2014-இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அந்தப் பட்டறைகள் நிற்கவில்லை, டாடா ஏஸ் சிறு லாரியின் பின்னாலும் பட்டைதானே.

சுருள் அப்படியில்லை. சேறு தங்கும் அடிச்சுற்றில் பெயின்ட் உதிர்ந்து, துரு ஏறி, ஒருநாள் ஒடியும். 'டக்' என்ற சத்தத்தோடு வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். ஒட்டுப்போட வழியில்லை, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். வேலை எளிதுதான். ஆனால் ஷாக் அப்சார்பரின் கீழ்போல்ட்டைக் கழற்றும் முன் பீமுக்கு அடியில் ஜாக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பீம் சரிந்து பிரேக் ஹோஸை இழுத்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவான எமன் ரப்பர் புஷ். ஸ்விஃப்டில் இது இன்னும் முக்கியம். அங்கே பீமைப் பிடித்திருப்பதே இரண்டு புஷ்கள்தான். அவை தளர்ந்தால் வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் தள்ளாடும், டயர் ஒழுங்கில்லாமல் தேயும். புதிது போட்டும் சீக்கிரமே கிழிகிறது என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, புஷ்ஷின் போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினீர்கள் என்றுதான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே கிடக்கும். அம்பாசிடரோ ஸ்விஃப்டோ, வண்டியின் எடை சக்கரங்கள்மேல் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு.