பெருவிரல் ரேகை பதித்த ஆடைகள்

பாரிஸ் ஆடைக்கலை என்றதும் நமக்கு ஷனேல் நினைவுக்கு வருகிறார். மத்லேன் வியோனே வருவதில்லை. 1876இல் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே தையற்கூடத்துக்கு அனுப்பப்பட்டவர் அவர். 1912இல் பாரிஸில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1914இல் போர் அதை மூடவைத்தது. போருக்குப்பின் மீண்டும் திறந்தார்.

சிறு மரப்பொம்மையின் மீது துணியைச் சுற்றிச் சுற்றியே ஆடையைக் கண்டடைவது அவர் வழக்கம். துணியை இழையோட்டத்தில் நேராக வெட்டாமல் மூலைவாட்டில் வெட்டினார். நம் தையற்காரர்கள் 'கிராஸ்' என்பது இதைத்தான். அப்படி வெட்டிய துணி நெகிழும், உடலின் வளைவோடு தானே இழையும். இறுக்கும் கச்சை தேவையற்றுப் போனது. இம்முறை முன்பே இருந்ததுதான்; முழு ஆடையையும் அதைக்கொண்டே அமைத்தது அவர் துணிச்சல்.

திருட்டும் கூடவே வந்தது. ஆடைகளை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுத்துப் பதிவுசெய்தார். உள்ளே தைக்கும் பெயர்த்துண்டில் தம் பெருவிரல் ரேகையைப் பதித்தார். எழுதுகிற நமக்கு இக்கவலை அந்நியமானதன்று. தம் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறையும் மருத்துவ வசதியும் உணவுக்கூடமும் அளித்தார். சிறுமியாய் ஊசி பிடித்த நாட்களை அவர் மறக்கவில்லை போலும்.

1939இல் நிறுவனத்தை மூடினார். 1975இல் மறைந்தார். 1952இல் அவர் கொடையளித்த ஆடைகளும் படத்தொகுதிகளும் இன்று பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.